அடி காலிலிருந்து வர வேண்டும்

1975 ஏப்ரல் 21 அன்று பாஸ்டன் மாரத்தானில் பில் ராட்ஜர்ஸ் 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் ஓடி முடித்தார். தடகளப் புத்தகங்கள் அந்த நாளை அதற்காகத்தான் நினைவு வைத்திருக்கின்றன. அதே பந்தயத்தில் ஜப்பானின் சாதோ தீவிலிருந்து வந்த ஓர் இளைஞர் கூட்டமும் ஓடியது. 42 கிலோமீட்டரை ஓடி முடித்த கையோடு, எல்லைக்கோட்டருகே காத்திருந்த பெரிய முரசின் முன்னால் போய் நின்று அவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். ஒண்டெகோஸா என்ற அந்தக் குழு அன்றைக்கே உலகப் பெயர் ஆகிவிட்டது.

நல்ல கதை. ஆனால் தைக்கோ என்ற ஜப்பானிய முரசுக் கலையைப் பற்றிய ஒரு தவறான எண்ணமும் அந்த எல்லைக்கோட்டிலேயே பிறந்தது. தைக்கோ என்றாலே தசை, வியர்வை, தாக்குப்பிடித்தல் என்று பலர் நினைக்கிறார்கள். சுவரொட்டிகளைப் பாருங்கள்: திரண்ட முதுகு, தலைக்கு மேல் உயர்ந்த இரு கோல்கள். கற்க வருகிறவர்களும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். முதல் மாதத்திலேயே தோள் வலி கண்டு பாதிப்பேர் நின்றுவிடுவதில் எனக்கு வியப்பில்லை. கையால் அடிக்கிற கலை என்று நம்பி வந்தவர்கள் அவர்கள்.

ஒண்டெகோஸாவைத் தொடங்கிய டென் தகாயாசுவுக்கு ஓட்டம் ஒரு மதம் மாதிரி. 1990 முதல் 1993 வரை அதே பெயர் கொண்ட குழுவை அமெரிக்காவின் எல்லையைச் சுற்றிச் சுமார் 15,000 கிலோமீட்டர் ஓடவைத்து, வழியெல்லாம் நிகழ்ச்சி நடத்தியவர். முரசடிப்பும் ஓட்டமும் ஒன்று என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் பாதியைத்தான் நான் ஏற்பேன். ஓட்டம் நுரையீரலைத் தரும், காலுக்கு உரம் தரும். எந்தக் கணத்தில் அடி விழ வேண்டும் என்பதை ஓட்டம் சொல்லித் தராது. அதைச் சொல்லித் தருபவை பாட்டும் ஆட்டமும். சாதோவில் அந்தக் குழு கற்றுக்கொண்டதில் அவையும் இருந்தன, சுவரொட்டியில்தான் இடம்பெறவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். மேடையில் பத்துப் பன்னிரண்டு முரசுகளை வரிசையாக நிறுத்தி அடிக்கும் முறை ஆயிரம் ஆண்டு பழமையானது என்று விளம்பரங்கள் கதைவிடும். முரசு பழையது, கோயில் விழா பழையது. ஆனால் மேடைக் குழு என்ற வடிவம் 1951-இல் நாகானோ மாநிலத்தின் சுவா பகுதியில் ஓகுச்சி தைஹாச்சி உருவாக்கியது. அவர் ஜாஸ் டிரம் வாசித்தவர். ஒரு பழைய கோயில் தாளக் குறிப்பை வாசித்துக்காட்டச் சொல்லி அவரிடம் கேட்டபோது, ஜாஸ் டிரம்மர் கண்ணோடு அதைப் பார்த்து, சிறியதும் பெரியதுமான முரசுகளுக்குத் தனித்தனிப் பங்கு பிரித்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டிய கலைவிழாவில் இந்தப் புது வடிவம் வெளியுலகின் கண்ணில் பட்டது. ஆக, மேடைத் தைக்கோவும் நம்முடைய டெஸ்ட் கிரிக்கெட் ரசிகர்களில் பலரும் ஏறக்குறைய ஒரே வயது.

மூன்று அடவுகளை எடுத்துப் பார்ப்போம். முதலாவது ஓதைக்கோ, அந்தச் சுவரொட்டி முரசு. முரசின் முகம் அடிப்பவரின் தலை உயரத்தில் இருக்கும். பார்வையாளருக்கு முதுகு காட்டி அவர் நிற்பார். இந்த நிலையை மேடைக்குக் கொண்டுவந்த பெருமை ஹயாஷி எய்டெட்சுவைச் சேரும். இடையில் கோவணம் மட்டும் கட்டும் வழக்கம் பாரிஸில் பியேர் கார்டின் சொன்ன யோசனையிலிருந்து வந்தது என்பார்கள். அதாவது, உலகமே ‘பண்டைய ஜப்பான்’ என்று வியக்கும் அந்தத் தோற்றத்தில் ஒரு பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளரின் கையும் இருக்கிறது!

இங்கே கையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். தோளை நம்பி அடிப்பவருக்கு மூன்றாவது நிமிடத்தில் கோல் தாழும், ஒலி மெலியும், அதை மறைக்க வேகம் கூட்டுவார். தேர்ந்தவரிடம் நடப்பது வேறு. குதிகால் தரையை அழுத்தும், அந்த அழுத்தம் இடுப்பு வழியாக முதுகுக்கு ஏறும், கை கடைசியில்தான் வரும். கோல் தோலில் பட்டதும் தானாகவே திரும்பட்டும் என்று விட்டுவிடுவார். நிகழ்ச்சியைப் பார்க்கும்போது கோலைப் பார்க்காமல் அவருடைய கெண்டைக்காலைப் பாருங்கள். ஒலி வருவதற்கு ஒரு கணம் முன்னால் அங்கே அடி விழுந்திருக்கும்.

இன்னொருவரையும் கவனிக்க வேண்டும். ஓதைக்கோவின் மறுமுனையில், பார்வையாளர் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற இடத்தில், ஒருவர் அடித்தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருப்பார். முன்னால் நிற்பவர் நீட்டலாம், நிறுத்தலாம், மௌனம் சாதிக்கலாம். அந்தச் சுதந்திரம் மறுமுனையில் நிற்பவர் ஈட்டித் தந்தது. கற்கும்போது எல்லோரும் முன்பக்கம் நிற்க ஆசைப்படுவார்கள். நல்ல ஆசிரியர் பின்பக்கம் அனுப்புவார். அந்த வேலையை அலுக்காமல் செய்யத் தெரிந்தவரே முன்பக்கத்துக்குத் தகுதியானவர் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, சிச்சிபு ஊரின் தேர்த் தாளம். டோக்கியோவுக்கு வடமேற்கே, டிசம்பர் 2, 3 தேதிகளில் நடக்கும் இரவுத் திருவிழாவில் டன் கணக்கில் எடையுள்ள தேர்களை இழுப்பார்கள். முரசடிப்பவர்கள் தேருக்கு உள்ளே, வெளியே தெரியாமல், நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய தாளந்தான் இழுப்பவர்களின் காலை நகர்த்துகிறது. ஒண்டெகோஸா இதை மேடைக்குக் கொண்டுவந்தபோது, முரசைக் கால்களுக்கிடையில் வைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, வயிற்றுத் தசையின் பிடியிலேயே முழு நேரமும் அடிக்கும் முறையாக ஆக்கியது. உடற்பயிற்சிக் கூடத்தில் அரை நிமிடம் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும்.

மூன்றாவது மியாகே. டோக்கியோவுக்குத் தெற்கே கடலில் இருக்கும் எரிமலைத் தீவு அது. 2000-இல் எரிமலை வெடித்து ஊரே காலிசெய்யப்பட்டு, 2005-இல்தான் மக்கள் திரும்ப முடிந்தது. அங்கே ஜூலைத் திருவிழாவில் அடிக்கும் முரசு தாழ்வாக, பக்கவாட்டில் கிடக்கும். காலை அகல விரித்து, தொடை தரைக்கு இணையாகும் அளவுக்குத் தாழ்ந்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அந்தத் தாளம் மரம் இழுப்பவர்களின் பாட்டோடு கட்டுண்டது. மேடைக் குழுக்கள் பல பாட்டை விட்டுவிட்டு அடியை மட்டும் எடுத்துக்கொண்டன. அதனால்தான் பல மேடைகளில் மியாகே வெறும் தொடைப் பயிற்சியாகத் தெரிகிறது. இழுப்பதற்கு மரமும் இல்லை, இழுக்கச் சொல்லும் குரலும் இல்லை.

ஆட்டத்துக்கு வருவோம். ஜப்பானிய நாட்டார் நடனத்தில் இடுப்பு தாழ்ந்தே இருக்கும், குதிப்பு குறைவு, பாதம் தரையை விட்டுப் பிரிய மனமில்லாததுபோல் நகரும். வலக்கால் போகும்போது வலக்கையும் போகும். நம்பா என்று அழைக்கப்படும் இந்த நடையைப் பற்றி ஜப்பானியத் தடகள உலகமே ஒரு காலத்தில் பேசியது. 2003 பாரிஸ் உலகப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற சுயெட்சுகு ஷிங்கோ, தன் ஓட்டத்தில் நம்பாவின் சாயலைச் சேர்த்ததாகச் சொன்னதும் அதற்குக் காரணம். அவருடைய பதக்கத்துக்கு நம்பா எவ்வளவு உதவியது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் முரசில் அதன் உதவி கண்கூடு. இடுப்பை முறுக்காமல் உடம்பின் ஒரு பக்கம் முழுவதையும் அடிக்குப் பின்னால் கொண்டுவரலாம். முறுக்கு அவிழும் வரை காத்திருக்கத் தேவையில்லாததால் அடுத்த அடி நேரத்துக்கு வரும்.

ஊர்த் திருவிழா ஆட்டங்களில் இதை எளிதாகப் பார்க்கலாம். கிஃபு மாநிலத்தின் குஜோவில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஏறக்குறைய முப்பது இரவுகள் ஆடுகிறார்கள். ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய. ஆடுகிறவர்களின் மரச்செருப்பு தெருவில் மோதும் ஒலியே பாதித் தாளம். பாடகரும் முரசடிப்பவரும் நடுவே மேடையில்; சுற்றி ஊர். அங்கே முரசடிப்பவருக்கு வேலை, பாடகரின் குரலையும் ஆடுபவர்களின் பாதத்தையும் ஒரே நேரத்தில் பார்த்து இரண்டுக்கும் நடுவே அடியை வைப்பது. மேடைத் தைக்கோவில் தேர்ந்தவர்கள் பலர் இந்த வேலையில் தோற்றுப்போவார்கள். எண்ணிப் பழகிய தாளத்துக்கு, மூச்சு வாங்குகிற பாட்டு அடங்காது.

பாட்டில்தான் உண்மையான சோதனை. ஜப்பானிய நாட்டுப் பாட்டை இசையறிஞர் கொய்சுமி ஃபுமியோ இரண்டு வகையாகப் பிரித்தார்: கைதட்டித் தாளம் போடக்கூடியவை, அளவில்லாமல் நீளுபவை. இரண்டாவது வகைக்குச் சிகரம் ஹொக்கைடோவின் எசாஷி துறைமுகத்தின் ஒய்வாகே பாட்டு. 1963 முதல் அங்கே தேசியப் போட்டி நடத்துகிறார்கள். மூலப்பாட்டு ஏழு தொடர், ஒவ்வொரு தொடரும் ஒரே மூச்சு. மொத்தம் 2 நிமிடம் 20 விநாடி அளவில் முடிய வேண்டும். கணக்குப் போட்டால் மூச்சுக்கு 20 விநாடி. அந்த 20 விநாடிக்குள் குரல் அலைபோல் எழுந்து, சுழன்று, நடுங்கி, கீழே இறங்கி அடங்க வேண்டும். குரலின் இந்த ஏற்றஇறக்கங்களை வளைகோடுகளாக வரைந்த ஒரு தனிக் குறிப்புமுறையே அந்தப் பாட்டுக்கு உண்டு. துணைக்கு மூங்கில் குழல். கூடவே படகோட்டிகளின் குரல்போல் ஒலிக்கும் ஒரு துணைக்குரல்.

விளையாட்டு நிருபன் கண்ணுக்கு இது முழுக்கத் தடகளம். எட்டாவது மூச்சு எடுத்தால் பாட்டு உடைந்துவிடும். ஆனால் மூச்சைச் சேமிக்கிறேன் என்று குரலை இறுக்கினால் சுழற்சி வராது. நுரையீரல் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார் என்ற கணக்கும் செல்லாது. எங்கே எவ்வளவு செலவழிப்பது என்று தெரிந்தவரே ஜெயிப்பார். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது.

முரசடிப்பவருக்கு இந்தப் பாட்டு எதற்கு? கடினமான இடம் வந்ததும் புதிதாகக் கற்பவர் மூச்சை அடக்கிக்கொள்வார். அடக்கினால் தோள் ஏறும், பிடி இறுகும், தாளம் முந்தும். பாடிக்கொண்டே அடிக்கிறவரால் மூச்சை அடக்க முடியாது. அடிகளுக்கு நடுவே ‘ஹா’, ‘ஸோரே’ என்று குரல் எழுப்பும் வழக்கம் வெறும் ஆர்ப்பாட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கட்டாயமாக மூச்சைத் திறந்துவிடும் வழி. முரசைத் தொடுமுன் தாளத்தை வாயால் சொல்லும் முறையும் அப்படித்தான்: பெரிய அடிக்கு ‘டோன்’, இரட்டை அடிக்கு ‘டொகோ’, விளிம்புக்கு ‘கா’, மௌனத்துக்கு ‘ஸு’. கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மௌனத்துக்கும் ஒரு சொல் உண்டு. அதையும் வாய் சொல்லியாக வேண்டும், மூச்சு அதற்கும் செலவாக வேண்டும். இரண்டு அடிக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை எண்ணாமல் உடம்பால் அளக்கும் பழக்கம் இதிலிருந்தே வருகிறது.

1981-இல் ஒண்டெகோஸா உடைந்தது. டென் பெயரை எடுத்துக்கொண்டு போனார். தீவில் தங்கியவர்கள் கோடோ என்ற புதுப் பெயரில் அதே ஆண்டு பெர்லினில் மேடையேறினார்கள். இன்று உலகெங்கும் அறியப்பட்ட குழு அது. சாதோவின் காகினோவுரா கிராமத்தில், மூடப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்றில், கோடோவின் பயிற்சி நிலையம் நடக்கிறது. இரண்டு ஆண்டு, தங்கிப் படிப்பு. தொலைக்காட்சி, கைபேசி, மது, புகை எதுவும் கிடையாது. காலையில் ஓட்டம் உண்டு; டெனின் எச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் பாடத்திட்டத்தைப் பார்த்தால் முரசுக்குப் பக்கத்திலேயே பாட்டு, நடனம், தேநீர்ச் சடங்கு, நெல் வயல் எல்லாம் இருக்கின்றன. தங்கள் கோல்களைத் தாங்களே செதுக்குகிறார்கள். நாற்று நடக் குனிகிற இடுப்பும் மியாகேவுக்குத் தாழ்கிற இடுப்பும் ஒன்றுதான் என்று யாரும் வகுப்பெடுத்துச் சொல்லத் தேவையில்லை. சேற்றில் நின்றால் தெரிந்துவிடும்.

கோடோவிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. தொடக்ககால உறுப்பினர் கொஜிமா சியேகோ அடிப்படையில் நடனக்காரர். ஹச்சிஜோ தீவின் முரசு முறையில், ஒரே முரசின் ஒரு பக்கம் ஒருவர் அடித்தாளம் பிடிக்க, மறுபக்கம் இன்னொருவர் கற்பனையாக வாசிப்பார். கொஜிமா அதைக் கிமோனோ உடுத்தி, ஆடியபடியே வாசிக்கிறார். அவருடைய அடிகள் எண்ணிக்கையில் குறைவு, விசையிலும் குறைவு. ஆனாலும் மேடையில் அவர் இருக்கும்போது கண் வேறு பக்கம் போவதில்லை. அடிக்கும் கை, அடிக்காத நேரத்தில் என்ன செய்கிறது என்பதை அவரிடம் பார்க்க வேண்டும். பல வாலிபர்களுக்கு அந்த நேரத்தில் கை சும்மா தொங்கும்.

2012 முதல் 2016 வரை கோடோவின் கலை இயக்குநராக இருந்தவர் கபுகி நாடகத்தில் பெண் வேடத்துக்குப் புகழ்பெற்ற பண்டோ தமாசபுரோ. முரசுக் குழுவுக்கு ஒரு நடனக் கலைஞர் தலைமையா என்று முணுமுணுப்பு எழுந்தது. பழைய வியர்வையும் கோவணமும் எங்கே என்று கேட்ட ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தக் காலம் பிடிக்கும். அடியின் விசையைக் குறைத்து, மெல்லிய ஒலியையும் கேட்க வைத்தார். இன்றைய இளம் குழுக்களில் பெரும்பாலானவை தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சத்தத்தில், ஒரே வேகத்தில் பாய்கின்றன. கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். பத்தாவது நிமிடத்தில் காது மரத்துப்போவதும் நிச்சயம்.

வடகிழக்கில் இவாத்தே, மியாகி பகுதிகளில் ஷிஷி ஒடோரி என்ற மான் ஆட்டம் இருக்கிறது. பெரும்பாலும் எட்டுப் பேர். கொம்பு வைத்த முகமூடி, இடுப்பின் முன்னால் கட்டிய முரசு, முதுகில் ஆளுயரத்தைவிட நீளமான இரண்டு மூங்கில் பட்டைகள். ஆடிக்கொண்டே அடிப்பார்கள், அடித்துக்கொண்டே பாடுவார்கள். திடீரென்று உடம்பை முன்னால் வளைத்து, முதுகின் மூங்கிலால் தரையை அறைவார்கள். அந்த அறைக்கு அடுத்த கணமே பாட்டு தொடர வேண்டும். மூச்சு எங்கிருந்து வருகிறது என்று நான் பலமுறை காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். வளையும்போது வெளியேறும் காற்றைக் குரலாக மாற்றி, நிமிரும் வேகத்தில் அடுத்த மூச்சை எடுக்கிறார்கள். நடன அசைவே மூச்சுப் பம்பாக வேலை செய்கிறது. முழுநேர மேடைக் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் தேடும் ஒன்றை, பரம்பரையாக ஆடி வந்த ஊர்க்காரர்கள் சர்வசாதாரணமாகச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

கடல் கடந்த தைக்கோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இந்தக் கலை பல இடங்களில் பௌத்தக் கோயில்களின் கோடைக்கால ஓபோன் விழாவை ஒட்டி வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் கின்னரா குழு 1969-இல் அப்படிப் பிறந்தது. சான் ஹோசே குழு 1973-இல். விழாவில் தெருவில் இறங்கி ஆடுகிறவர்களே முரசும் அடிப்பதால், ஆட்டத்துக்கும் முரசுக்கும் இருந்த கயிறு அங்கே அறுந்துபோகவில்லை. அங்கே அடிப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். தசையை நம்பிய கலையாக இது இருந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா?

சான் ஹோசே குழுவின் பி.ஜே. ஹிரபயாஷி உருவாக்கிய ‘எய் ஜா நாய் கா’ என்ற படைப்பில் முரசு, பாட்டு, ஆட்டம் மூன்றும் சேர்ந்தே வரும். ரயில்பாதை போட்ட, சுரங்கம் தோண்டிய, வயலில் உழைத்த முதல் தலைமுறைக் குடியேறிகளின் அசைவுகள்தான் நடன அடவுகள். அவர் அதைப் பூட்டி வைக்காமல் மற்றக் குழுக்களுக்கும் கற்றுக்கொடுத்ததால் இன்று பல ஊர்களில் ஆடப்படுகிறது. நான் பார்த்த குழுக்களில் முரசுப் பகுதியில் தடுமாறியவர்கள் குறைவு, தாளம் எளிது. தடுமாறுவது மண்வெட்டியைத் தூக்கிப்போடும் அடவில். கை மட்டும் மண்ணை அள்ளுகிறது, கால் சும்மா நிற்கிறது, குரல் ஒரு மாத்திரை தாமதமாகக் கிளம்புகிறது. அந்த அடவை முரசில்லாமல் ஒரு மணிநேரம் ஆடவிட்டு, பிறகு கோலைக் கையில் கொடுக்கும் ஆசிரியர்களின் குழுக்களை அரங்கின் கடைசி வரிசையிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம்.